இத்தா அறைப் பல்லி

மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரியின் சீனி வியாதிக் கிளினிக்கில் அந்த நீள வாங்கில் என்னோடு உட்கார்ந்திருக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். போன தடவை தாதி மிஸ்ஸி நம் செருப்புகளைக் கழற்றச் சொல்லி ஒவ்வொருவர் காலாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது, தினமும் கண்ணாடி பிடித்து உள்ளங்காலைப் பார்க்கிறீர்களா என்று கேட்டாள். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். முகத்தைப் பார்க்கவே நேரமில்லாமல் கிடக்கு, காலையா பார்க்கிறது என்று ஒருத்தி சொன்னாள். நான் பார்க்கிறேன் என்றேன். சீனி வருவதற்கு இருபது வருஷம் முந்தியே பார்க்கத் தொடங்கிவிட்டேன் என்றதும் பக்கத்திலிருந்தவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பார்க்கட்டும். எனக்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு பல்லியிலிருந்து தொடங்க வேண்டும்.

பல்லியைப் பற்றி நம் வயதுக்காரர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குர்ஆன் படிக்க ஓதப்பள்ளிக்குப் போன எல்லோரும் அந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். இப்றாஹீம் நபியை நெருப்பில் போட்டபோது மற்றப் பிராணிகளெல்லாம் அணைக்கப் பார்த்தன, பல்லி மட்டும் ஊதி ஊதி எரியவிட்டது. அதனால் பல்லியை அடித்தால் நன்மை. ஒரே அடியில் கொன்றால் பெரிய நன்மை, இரண்டாவது அடிக்குப் போனால் குறைந்துவிடும். விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு சுவர் சுவராய்த் திரிந்தவர்கள் உங்களிலும் இருக்கிறீர்கள், இல்லை என்று சொல்லாதீர்கள். நான் அதில் கெட்டிக்காரி இல்லை. என் கை எப்போதும் கொஞ்சம் பிந்திவிடும்.

எனக்கு அப்போது எட்டு வயது. மருதமுனையில் தறிச் சத்தம் கேட்காத சந்து ஒழுங்கை இல்லாத காலம். எங்கள் வளவுக்குள் இரண்டு வீடு இருந்தது. ஒன்று உம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்தது, மற்றது உம்மாவின் ராத்தாவுக்கு, அதாவது என் பெரியும்மாவுக்கு. உம்மா சாரன் நெய்வாள். வாப்பா வள்ளத்தில் கடலுக்குப் போவார். வாடைக்காற்று தொடங்கிய மாதத்தில் ஒரு காலை அந்த வள்ளம் கவிழ்ந்தது. கூடப் போனவர் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்து, வாப்பா தண்ணீருக்குள் தாண்டு போனதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னார்.

செய்தி ஒழுங்கைக்குள் வந்தபோது உம்மா தறிக்குழியில் கால் விட்டபடி இருந்தாள். அப்படியே எழுந்து செருப்புமில்லாமல் முக்காடுமில்லாமல் கடற்கரைக்கு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். வலை உதறுகிற இடத்தில் அவள் ஒரு தரம் நொண்டினாள், ஆனால் நிற்கவில்லை. உள்ளங்காலில் கெளுத்தி முள் ஒன்று ஏறியிருந்தது. அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பெரியும்மாதான் அதைக் கண்டு பிடுங்கி எறிந்தாள். உம்மா அதற்கும் வாய் திறக்கவில்லை.

வாப்பாவின் மையித்து கரை ஒதுங்கவில்லை. மையித்து இல்லாமலே பள்ளியில் தொழுதார்கள். உம்மாவை இத்தாவில் வைத்தார்கள். புருஷன் மௌத்தானால் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். பெரியும்மா அந்தச் சட்டத்தோடு தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாள். ஜன்னலுக்கு உள்ளே ஒரு சீலை, வெளியே ஒரு சாக்கு. இத்தாவில் இருக்கிறவள் முகம் பார்க்கக் கூடாதென்று அறைக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் போகிற ஆம்பிளையின் காதில் விழும், உரத்துக் கதைக்காதே என்றாள். அதை அவள் சொல்லியிருக்கவே தேவையில்லை. உம்மா கதைக்கவே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் கையைத்தான் காட்டுவாள். வெள்ளைச் சீலையோடு பாயில் சுவரைப் பார்த்தபடி இருப்பாள்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. வாப்பா போனதைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது. வாப்பா நாள் கணக்கில் கடலில் கிடந்துவிட்டு வருவது எனக்குப் பழக்கம். உம்மா பக்கத்தில் இருந்துகொண்டே இல்லாமல் போவது பழக்கமில்லை.

வாப்பாவுக்கு நன்மை அனுப்ப வேண்டுமென்று வீட்டுக்கு வந்த பெண்களெல்லாம் யாசீன் ஓதினார்கள். எனக்கு அது முழுதாக ஓத வராது. என்னால் அனுப்ப முடிந்தது பல்லி ஒன்றுதான். பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். ஒரு பகல், உம்மாவின் தலைக்கு மேலே சுவரில் ஒன்று இருந்தது. சாம்பல் நிறம், வயிறு மட்டும் மஞ்சள். நான் விளக்குமாற்றை எடுத்து, இந்த நன்மை வாப்பாவுக்கு என்று மனதுக்குள் நிய்யத்து வைத்து ஓங்கி அடித்தேன். வழக்கம்போலக் கை பிந்திவிட்டது. பல்லி பொத்தென்று பாயில் விழுந்தது. வால் தனியே உம்மாவின் மடியில், அந்த வெள்ளைச் சீலையில் விழுந்து துடித்தது.

இரண்டாவது அடிக்கு ஓங்கினேன். உம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அதுக்கு நோவும் புள்ள," என்றாள்.

பன்னிரண்டு நாளைக்குப் பிறகு நான் கேட்ட உம்மாவின் குரல். தொண்டை கட்டி, வேறு யாரோ கதைப்பதுபோல இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. உம்மா குனிந்து அந்தப் பல்லியை உள்ளங்கையில் எடுத்தாள். வால் இருந்த இடம் சிவந்த ஒரு புள்ளியாய்ப் பச்சைப் புண்ணாக இருந்தது. அது ஓடவில்லை. ஓடத் தெம்பில்லை போலும்.

சத்தம் கேட்டுப் பெரியும்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "என்ன புள்ள அடிச்ச?"

உம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கரப்பான் பெரியும்மா," என்றேன்.

"கரப்பானுக்கா இந்த அடி? சுவரு விழப்போகுது," என்று சொல்லிவிட்டுப் போனாள். உம்மாவின் முந்தானைக்குள் பல்லி, மடியிலிருந்து துள்ளி விழுந்த வால் என் காலடியில். உம்மா சிரித்தாள். சின்னச் சிரிப்புத்தான், ஆனால் சிரித்தாள். அந்த நேரத்தில் எனக்கு ஒன்று விளங்கியது. இந்தப் பல்லி உயிரோடு இருக்கும் மட்டும் உம்மா கதைப்பாள், இது செத்தால் திரும்ப வாயை மூடிக்கொள்வாள். எட்டு வயதில் விளங்கியது அப்படித்தான். வாலை முருங்கை மரத்தடியில் புதைத்தேன்.

பால்மா டின் ஒன்றின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, உள்ளே தறிக் கழிவு நூலைப் பரப்பி அதில் வைத்தோம். பீரிசுத் தட்டில் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்தேன். ஈர்க்கின் நுனியால் பல்லியின் புண்ணில் ஒரு பொட்டு வைத்தேன்.

"மிச்சத்த வீசாத," என்றாள் உம்மா. "என்ட காலுக்குப் போடு."

முள் ஏறிய இடத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே, ஒரு மிளகளவு ஓட்டை. சுற்றி வெள்ளையாக ஊறிப்போயிருந்தது.

"நோவுதா உம்மா?"

"இல்ல புள்ள. ஒண்டுமே விளங்கல்ல. கால் மரத்துக் கிடக்கு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நோகாத புண் ஆறப்போகிற புண் என்று நினைத்தேன். நோகாத புண்ணுக்குத்தான் பயப்பட வேண்டும் என்று போன மாதம் மிஸ்ஸி சொன்னாளே, அதை நம் ஊரில் அன்று யார் அறிந்திருந்தார்கள்? உம்மாவுக்குச் சீனி இருந்ததே ஒருவருக்கும் தெரியாது. எந்நேரமும் தண்ணீர் குடித்தாள், கவலையில் தொண்டை வரளுது என்றாள் பெரியும்மா. மெலிந்தாள், மனிசனைக் கடலுக்குத் தின்னக் கொடுத்தவள் மெலியாமல் என்ன செய்வாள் என்றார்கள் வந்தவர்கள். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கையிலேயே இருந்தது.

வால் போன பல்லி லேசில் தேறாது. அதன் கொழுப்பெல்லாம் வாலில்தான் இருக்கிறது, வால் போனால் பட்டினி கிடந்த மாதிரி ஆகிவிடும் என்று பின்னாளில் அறிந்தேன். முதல் கிழமை அது ஒன்றையும் தொடவில்லை. நான் ஈ பிடித்தேன், நுளம்பு பிடித்தேன், சிறகைப் பிய்த்து டின்னுக்குள் போட்டேன். வெற்றிலைத் துண்டில் தண்ணீர்ச் சொட்டு வைத்தேன். உம்மா டின்னை மடியில் வைத்துக்கொண்டு, "தின்னு வாப்பா, தின்னு," என்று அதோடு கதைப்பாள். மாரி மழை இறங்கி ஈசல் பறந்த மாலையில்தான் அது வாய் திறந்து ஒன்றைக் கவ்வியது. உம்மா என் தோளைப் பிடித்து அமுக்கினாள். அன்று அவளும் கொஞ்சம் சோறு கூடத் தின்றாள்.

தறியில் மிச்சம் கிடந்த நீல நூலை உம்மா ஒரு முழம் எடுத்துத் தந்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாலை அளந்து நூலில் ஒரு முடிச்சுப் போட வேண்டும். முதலில் கறுப்பாய் ஒரு மொட்டு வந்தது. மூன்றாம் வெள்ளி அது உளுந்தளவு, பிறகு நெல்லளவு. பழைய வால்போல வரி வரியாய் இல்லை. மொழுமொழுவென்று, வேறு யாருடைய வாலையோ கொண்டுவந்து ஒட்டியது மாதிரி இருந்தது. அதற்குள் பல்லியை டின்னிலிருந்து விட்டுவிட்டோம். அலுமாரிக்குப் பின்னால் இருக்கும், நான் விரல் நுனியில் எறும்பு வைத்து நீட்டினால் வரும். விரலை நக்கியும் பார்க்கும். குளிர்ந்த சின்ன நாக்கு.

"பாத்தியா, அதுக்கு முளைக்கிது," என்பாள் உம்மா. "அல்லாஹ் நினைச்சா எல்லாம் முளைக்கும்."

தன் காலுக்கும் சேர்த்துத்தான் அவள் அப்படிச் சொன்னாள். ஒரே பீரிசு மஞ்சளைத்தானே இருவருக்கும் போட்டுக்கொண்டிருந்தோம். ஆனால் வால் வளர வளரப் புண்ணும் வளர்ந்தது. மிளகளவு இருந்தது புளியங்கொட்டை அளவாகி, பிறகு உள்ளே கறுத்தது. ஒரு வெள்ளிக்கிழமை உம்மா, "இதையும் அளந்து பாரு," என்று காலை நீட்டினாள். தன் உள்ளங்காலைத் தான் பார்க்க அவளிடம் கண்ணாடி இல்லை. நூலை வைத்துப் பார்த்தேன். பல்லியின் வாலும் உம்மாவின் புண்ணும் அன்று ஒரே அளவு.

"எவ்வளவு?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்தான்," என்றேன்.

"பெரியும்மாக்கிட்ட சொல்லாத. அவ பயந்திருவா. இத்தா முடிஞ்ச மறுநாள் மருந்து குடுக்கிற அப்போதிக்கரியிட்ட காட்டுவம். சொல்ல மாட்டன் எண்டு சொல்லு."

சொல்ல மாட்டேன் என்றேன்.

ஆனால் நாற்றத்தை யாரும் ஒளித்துவைக்க முடியாது. பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து எங்களுக்குப் பால் கொண்டுவருகிற அக்கா ஒருவர் இருந்தார். அவர் ஒரு காலை வாசலில் நின்று மூக்கைச் சுளித்தார். உள்ளே போய் உம்மாவைப் பார்த்துவிட்டு வந்து, "இது நல்ல புண் இல்ல. ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க, இண்டைக்கே கொண்டு போங்க," என்று பெரியும்மாவிடம் சொன்னார். அந்த நேரம் பார்த்து அலுமாரிக்குப் பின்னாலிருந்து பல்லி சத்தமிட்டது. "பாருங்க, பல்லியும் சொல்லுது," என்றார் அவர்.

அவர் போன பிறகு பெரியும்மா கொஞ்ச நேரம் பால் சட்டியை வைத்துக்கொண்டு நின்றாள். "அவ நல்ல மனிசிதான். நம்மட சட்டம் அவக்குத் தெரியாது," என்றாள், எனக்கோ தனக்கோ தெரியவில்லை. பிறகு அறைக்குள் போய் உம்மாவின் காலைத் தூக்கிப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியதை நான் கண்டேன். ஆனாலும் சொன்னாள்:

"ஆசுபத்திரியில இரிக்கிறதெல்லாம் ஆம்பிளையள். இத்தாவில இரிக்கிற பொம்பிளட காலப் புடிச்சி அந்நிய ஆம்பிள பாக்கிறதா? ஊரு என்ன கதைக்கும்? இன்னும் ஒரு மாசந்தானே. பல்லக் கடிச்சிக்கிட்டு இரி."

"ஓம் ராத்தா," என்றாள் உம்மா.

பெரியும்மா கெட்டவள் இல்லை. உம்மாவை வளர்த்ததே அவள்தான். அன்றிலிருந்து வேப்பிலை அவித்துக் கழுவினாள், சாம்பிராணி போட்டாள், வாசலில் நின்று துஆக் கேட்டாள். மார்க்கச் சட்டம் தெரிந்த லெப்பையிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று உம்மா ஒரு தரம் மெதுவாகச் சொன்னபோது, "உன்ட காலப் பத்தி ஒரு ஆம்பிளக்கிட்டப் போய் நான் கதைக்கிறதா? வெக்கமில்லையா?" என்றாள். கேட்பதற்கே வெட்கப்பட்டாள்.

அந்த லெப்பையின் முன்னால்தான் நான் ஒவ்வொரு காலையும் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு அவரை ஞாபகமிருக்கும். கையில் பிரம்பு வைத்திருப்பார், அடிக்க மாட்டார். அந்த நாட்களில் எனக்குள் இரண்டு கேள்வி இருந்தது. ஒன்று உம்மாவின் காலைப் பற்றி. மற்றது பல்லியைப் பற்றி. வீட்டில் பல்லி வளர்த்தால் வானத்து மலக்குமார் வரமாட்டார்கள், மௌத்தானவர்களுக்கு அனுப்புகிற நன்மையும் போய்ச்சேராது என்று என்னோடு ஓதிய ஒருத்தி சொல்லியிருந்தாள். அது யார் என்று சொல்ல மாட்டேன், இப்போதும் அந்த வாங்கில்தான் இருக்கிறாள். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நித்திரையில்லை. ஒரு நாள் எல்லோரும் போன பிறகும் நான் நின்றேன். லெப்பை தொழுகைக்கு ஒளூச் செய்வதற்காகக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன மகள், பாடம் வரல்லயா?"

"ஒண்டு கேக்கணும் லெப்பை."

"கேளு."

உம்மாவின் கால்தான் நாக்கின் நுனியில் இருந்தது. சொல்ல மாட்டேன் என்று கொடுத்த வாக்கு அதற்குப் பின்னால் நின்றது. "பல்லிக்கு மருந்து போட்டா பாவமா?" என்று கேட்டேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"என்ன நடந்த அதுக்கு?"

"வாலு போயிட்டு."

"நோவு பட்டதுக்கு மருந்து போட்டா பாவமில்ல மகள்," என்றார். "அல்லாஹ் படைச்ச உசிருதானே." பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார். "வேற என்னவும் இரிக்கா?"

"இல்ல லெப்பை," என்றேன்.

துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பல்லி வளர்ப்பது பாவமில்லை. அதற்கு மேல் எனக்கு அன்று ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

இத்தா முடியப் பதினொரு நாள் இருக்கும்போது உம்மாவுக்குக் காய்ச்சல் ஏறியது. ஆள் தெரியாமல் கதைத்தாள். வாப்பா வந்து தறிக்குழிக்குள் நிற்கிறார் என்றாள். சாகாமத்தில் வயல் வெள்ளாமைக் காவலுக்கு வாடி போட்டுத் தங்கியிருந்த மாமா, உம்மாவின் தம்பி, வெட்டு முடிந்து அன்றுதான் ஊருக்கு வந்தார். கூடப் பிறந்தவர் என்பதால் அறைக்குள் போகலாம். போனவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"எவ்வளவு நாளா இது?"

பெரியும்மா சொன்னாள். சட்டத்தையும் சொன்னாள். மாமா அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் உம்மாவைப் பாயோடு தூக்கினார். நெல் மூட்டை ஏற்றி வந்த உழவு மெசினின் பெட்டியில் நாலு பக்கமும் சீலை கட்டி, அதற்குள் உம்மாவைக் கிடத்திக் கொண்டு போனார்கள். சாக்குக் கட்டிய ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். பெட்டி ஆட ஆட உம்மாவின் கை மட்டும் சீலைக்கு வெளியே தெரிந்தது.

காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் முந்திக் கொண்டு வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்று டொக்டர் சொன்னாராம்.

மனிதரின் உறுப்பை நாம் வீசுவதில்லை. மாமா அதை வெள்ளைத் துணியில் சுற்றி வாங்கி வந்து, லெப்பையைக் கூட்டிக்கொண்டு போய் மையவாடியில் ஒரு ஓரத்தில் அடக்கினார். பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை, நான் மதிலுக்கு வெளியே நின்றேன். மண் விழுகிற சத்தம் கேட்டது. வாப்பாவுக்குக் கபுறு இல்லை. உம்மாவின் காலுக்கு இருந்தது.

மாமா வீட்டுக்கு வந்து அடுப்படி வாசலில் குந்தினார். மண் ஒட்டிய கையோடு பெரியும்மாவிடம் சொன்னார்:

"லெப்பைக்கிட்ட எல்லாத்தையும் சொன்னன் ராத்தா. அவரு சொல்றாரு, நோய்க்கு மருந்து எடுக்கப் போறதுக்கு இத்தா தடையில்லயாம். முதல் நாளே போயிருக்கலாமாம். 'என்ட்ட ஒருத்தரும் கேக்கல்லயே' எண்டு சொல்லிப்போட்டு மனிசன் அங்கேயே குந்திட்டாரு."

உலை கொதித்து வழிந்தது, பெரியும்மா மூடியைத் திறக்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வேற என்னவும் இரிக்கா என்று லெப்பை கேட்டது என் காதுக்குள் திரும்பக் கேட்டது.

அடுத்து நான் செய்ததை ஒருவருக்கும் சொன்னதில்லை. மறுநாள் காலை உம்மாவின் அறைக்குள் போனேன். பெரியும்மா சாக்கைக் கழற்றியிருந்தாள், அறை முழுதும் வெளிச்சம். பல்லி சுவரின் நடுவில் இருந்தது. வால் முழுதாக வளர்ந்து முடிந்திருந்தது. அதற்கு முளைத்தால் உம்மாவின் காலுக்கும் முளைக்கும், ஆனால் கால் பெரியது, அதற்குப் பெரிய நன்மை வேண்டும் என்று கணக்குப் போட்டேன். விளக்குமாற்றை எடுத்தேன். இந்த நன்மை உம்மாவின் காலுக்கு என்று நிய்யத்து வைத்தேன். பல்லி ஓடவில்லை. என்னைக் கண்டதும் இரண்டடி கிட்ட வந்தது. எறும்பு கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கும்.

அன்று என் கை பிந்தவில்லை. ஒரே அடி.

முருங்கை மரத்தடியில், வாலைப் புதைத்த இடத்திலேயே புதைத்தேன். அது என் விரலை நக்கியது ஞாபகம் வந்து வாந்தி எடுத்தேன்.

உம்மா ஊன்றுகோலோடு வந்தாள். இத்தா ஆஸ்பத்திரியிலேயே முடிந்துபோயிருந்தது. முதல் கேள்வி, "அது எங்க?" என்பதுதான். போயிட்டு என்றேன். "நல்லம். வாலும் வளந்திட்டுத்தானே, இனிப் போகத்தானே வேணும்," என்றாள். அந்த வெள்ளிக்கிழமை நான் நீல நூலை எடுத்துக்கொண்டு போய் அவளுடைய காலின் மிச்சத்தை அளந்தேன். என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை. அடுத்த வெள்ளியும் போனேன். அப்போது நூலை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி மடித்து டின்னுக்குள் போட்டாள்.

"மனிசருக்கு முளைக்காது புள்ள," என்றாள்.

பெரியும்மா அதன் பிறகு சட்டம் கதைத்ததே இல்லை. தினமும் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு சுடுதண்ணீர் கொண்டுவந்து உம்மாவின் மற்றக் காலைக் கழுவித் துடைப்பாள், விரலிடுக்கெல்லாம் பார்ப்பாள். தான் மௌத்தாகிற கிழமை வரை அதைச் செய்தாள். உம்மா காலை நீட்டுவாள்.

பெரியும்மாவுக்குப் பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. உம்மா மௌத்தானபோது அவளுடைய காலுக்குப் பக்கத்தில் அடக்க வேண்டுமென்று மாமா தேடினார். அடையாளத்துக்கு மீசான் கல் நட்டிருக்கவில்லை, இடம் பிடிபடவில்லை, வேறு பக்கம் அடக்கினார்கள். டின்னும் நீல நூலும் கடல் ஊருக்குள் வந்த நாளில் வீட்டோடு போய்விட்டன. அந்த நாளில் ஒரு காலோடு ஓட வேண்டிய நிலை உம்மாவுக்கு வரவில்லை, அதற்கு முந்தியே போய்விட்டாள் என்று இன்றைக்கும் அல்லாஹ்வுக்கு ஷுக்ர் செய்கிறேன்.

அவள் மௌத்தாவதற்கு ஒரு வருஷம் முந்தி நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது முப்பது இருக்கும், இரண்டு பிள்ளை பெற்றிருந்தேன். ஒரு பகல், கதிரையில் இருந்த உம்மாவின் காலை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஏனென்று தெரியாது, வாயில் வந்துவிட்டது. லெப்பையிடம் ஒரு தரம் தனியே கேள்வி கேட்கப் போனதையும், காலைப் பற்றிக் கேட்காமல் பல்லியைப் பற்றிக் கேட்டதையும் சொன்னேன். உம்மா திட்ட மாட்டாள், அது போகட்டும் புள்ள என்பாள் என்று எதிர்பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாய் அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன்.

"அவரு என்ன சொன்ன?" என்று கேட்டாள்.

"நோவு பட்டதுக்கு மருந்து போட்டா பாவமில்ல எண்டார்."

உம்மா சீலையை இழுத்து, கால் இல்லாத பக்கத்தை மூடினாள்.

"அவரு சொன்னத அண்டைக்கே வந்து பெரியும்மாக்கிட்ட சொல்லியிருக்கலாமே புள்ள," என்றாள்.

கோபமில்லாமல், பால் வாங்க மறந்ததைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். காலை அவள் இழுத்துக்கொள்ளவில்லை. மிச்சமிருந்த மூன்று விரலுக்கும் நகம் வெட்டி முடித்தேன்.